நான் அழித்த மூன்று புள்ளிகள்

ஆபீசுக்குப் புதிதாக வரைய வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி இன்ஜினியர் சார் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். பிழையாக எழுதிவிட்டால் பிள்ளைகள் சிரிக்குமே என்ற பயம். இரண்டு நாள் கழித்து யோசித்தேன். இந்தப் பயத்தினால் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறதே, அதைத்தான் இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. கம்ப்யூட்டரில் சுவர் எழுப்புவது, படி வளைப்பது, கூரை மாட்டுவது எல்லாம் என்னைவிட வெரசாக நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போடியில் இதே ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் வீட்டு வரைபடம் வரைந்தேன். முதலில் டிரேசிங் தாளில், இங்க் பேனாவில். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதில் எழுதியிருக்கிற ஆங்கிலத்தைப் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பழகினேன். மேலே இடமிருந்து நாலாவது படம், அதைத் தட்டினால் இரண்டாவது வரி, இப்படி. ஒரு தடவை மென்பொருளைப் புதுசாக மாற்றிப் போட்டார்கள். எல்லாப் படமும் இடம் மாறிவிட்டது. ஒரு வாரம் வயிறு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆபீசைத் திறந்து தனியாக உட்கார்ந்து மறுபடி பழகினேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கவலைப்படுகிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு. படியிறங்கிய பிறகு, கம்ப்யூட்டரை அணைத்தேனா என்று திரும்ப ஏறிப் பார்ப்பேன். ஒரு அளவை மூன்று தடவை பார்ப்பேன். "உம்ம மாதிரி ஆளு இருக்குறதாலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்பார் சார். கவலைப்படுகிறவன் தப்புப் பண்ண மாட்டான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவன் நூறு தடவை சரிபார்ப்பான். ஆனால் யாரிடமும் கேட்க மாட்டான். இது எனக்கு விளங்க நாளாயிற்று.

ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். செல்லப்பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காட்டுக்குக் கீழே ஒரு சரிவில், எட்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மனை வாங்கியிருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாதி ஆயுசு தோட்டத்து லயத்து வீட்டுலயே போச்சுண்ணே" என்றார். "அடுத்த வீட்டுக்காரன் இருமுனா எங்க வீட்டுல குழம்புச் சட்டி ஆடும். எனக்குன்னு ஒரு வாசப்படி வேணும். அதத் தாண்டி உள்ள போவணும். அம்புட்டுதான்."

அவர் மனைவி கேட்டது வேறு. சமையல் அக்னி மூலையில், செப்டிக் தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில். வாஸ்து பிசகினால் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மனையை அளந்து கொடுத்தவர் கம்பத்துப் பக்கத்துப் பெண். இன்ஜினியரிங் படித்தவர், என் மகள் வயது. கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கி அளந்திருந்தார். மனையின் மூலைக்கு மூலை ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள், கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று. மொத்தம் ஆறு புள்ளிகள். அவற்றுக்கு நேரே கடைசியாக ஒரு குறிப்புப் பத்தி. அது ஆங்கிலத்தில். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று புள்ளிகளுக்கும் நேரே ஒரே வரிதான் மூன்று தடவை எழுதியிருந்தது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்ததால், அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டியலை அப்படியே மென்பொருளில் ஏற்றப் பார்த்தேன். ஏற்கவில்லை. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் அது முரண்டு பிடிக்கும், உங்களுக்குத் தெரியும். குறிப்புப் பத்தியை அழித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. திரையில் மனை வந்தது, உள்ளே பச்சைப் புல்லோடு.

வந்த உருவம் ஒழுங்காக இல்லை. மூன்று மூலை சரி. வடமேற்கு மூலை மட்டும் எலி கடித்த ரொட்டி மாதிரி உள்ளே வெட்டியிருந்தது. அந்த நான்கு, ஐந்து, ஆறுதான். ஒன்றுக்கொன்று ஏழடி, எட்டடி தூரத்தில் மூன்று புள்ளிகள் நெருங்கி நின்றன.

அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்து என் காலை வாரியது. முன்பு தேவாரத்தில் ஒரு தோப்புக்கு வரைந்தபோது, மூலையில் பெரிய பலாமரம் நின்றதால் அங்கே கருவிக்கோலை நிறுத்த முடியாமல் மரத்தைச் சுற்றிப் புள்ளி எடுத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக் கோட்டையும் நீட்டி, சேருகிற இடத்தில் மூலையை வைத்தோம். சரியாக இருந்தது. இதுவும் அப்படித்தான், ஏதோ மரமோ பாறையோ குறுக்கே நின்றிருக்கும் என்று முடிவு பண்ணினேன்.

ஆனாலும் போனைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண்ணின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முந்தின நாள்தான் ஒரு தடவை பேசியிருந்தோம். பாதி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். "நீங்களே பாத்துப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தபோது சட்டை நனைந்திருந்தது. மறுபடி அப்படி ஒரு பேச்சா? போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று புள்ளிகளையும் அழித்தேன். கோடுகளை நீட்டினேன். அழகான மூலை கிடைத்தது. சரிவும் அந்தப் பக்கம், வாஸ்துவும் அந்தப் பக்கம். செப்டிக் தொட்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த மூலையில் போய் உட்கார்ந்தது.

பரப்பளவு மட்டும் இடித்தது. அந்தப் பெண் கொடுத்ததைவிட என் வரைபடத்தில் ஐம்பத்தாறு சதுர அடி கூடுதல். மூன்று நாள் அந்த ஐம்பத்தாறு என் கூடவே சாப்பிட்டது, கூடவே பஸ்சில் வந்தது. சரிவு நிலம், கூடக் குறைய வரத்தான் செய்யும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன். கிழக்கே, வடக்கே என்ற எண்களை வைத்துப் போட்ட தட்டைப் படத்தில் சரிவுக்கு என்ன வேலை? அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே என்னை நானே ஏமாற்றினேன்.

படத்தை வாங்க வந்த செல்லப்பாண்டி முப்பரிமாணப் படத்தை வெகுநேரம் பார்த்தார். வாசப்படியைத் தொட்டுப் பார்த்தார், திரையில்தான். பிறகு விரல் மெதுவாக வடமேற்கு மூலைக்குப் போய் நின்றது.

"இந்த மூலையும் நம்மளுதாண்ணே?" என்றார்.

இதைக் கவனித்துப் படியுங்கள் பிள்ளைகளே. நிலத்துக்காரர் இப்படி ஒரு கேள்வி கேட்டால், அவருக்கு யாரோ வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாய் சொன்னது இதுதான்: "கம்ப்யூட்டர்ல அப்படித்தான வருது."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வீடு கட்ட அனுமதி வந்தது. மழைக்கு முன்னால் குழி எடுத்துவிட வேண்டும் என்று செல்லப்பாண்டிக்கு அவசரம். சுவர் எழும்பிவிட்டால் கீழ் மூலைக்கு மிஷின் போக வழியிருக்காது. அதனால் தொட்டிக் குழிதான் முதல் சோலி. முந்தின நாள் போன் பண்ணினார்.

"நாளைக்கு மிஷின் ஏறுதுண்ணே. நீங்களும் வந்து ஒரு வார்த்த சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

நான் இடம் பார்க்கப் போகிற ஆளில்லை. மேசையோடு சரி. ஆனால் அந்த ஐம்பத்தாறு என்னைக் கிளப்பிவிட்டது. காலையில் தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் நான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு டிரைவர் சொன்னார்: "பயமா இருந்தாக் கண்ண மூடிக்கங்கண்ணே. நானும் அப்படித்தான் ஓட்டுறேன்." வேலைக்குப் போகிற பெண்கள் சிரித்தார்கள். ஒரு வளைவில் லோடு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. அது நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது சத்தம் மேலேயே கேட்டது. ஜேசிபி கீழ் மூலையில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் வாய் ஒரு தடவை மண்ணை அள்ளியிருந்தது. அள்ளிய மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. குழியில் கலங்கிய தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தட்டைக் கற்கள் புரண்டு கிடந்தன. நாலு கறுப்பு ஹோஸ் அங்கிருந்து புறப்பட்டுச் சரிவில் இறங்கிக் கீழே தெரிந்த நாலு வீட்டுக்குப் போயின. ஒன்று நசுங்கி வெளியே கிடந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. அது ஊற்று. குடிக்கிற தண்ணீர். அதன் தலையில்தான் நான் செப்டிக் தொட்டி வைத்திருந்தேன்.

மிஷினுக்கு முன்னால் ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு நின்றார். முத்துப்பேச்சி. ஏலக்காய் எடுக்கிற வேலை, கீழே இருந்த நாலு வீட்டில் ஒன்று அவருடையது. செல்லப்பாண்டி போனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாருக்கா, படத்தப் பாரு. பச்சையா இருக்கா? பச்சை பூராவும் என் எடம். கம்ப்யூட்டர் சொல்லுது."

"ஏன் அப்பு, ஒன் கம்ப்யூட்டருக்குத் தாகம் எடுத்தா எங்க போயித் தண்ணி குடிக்கும்?"

"பேச்ச மாத்தாத."

"நான் மாத்தலப்பு. எடத்த வித்தவரு ஒங்கிட்ட என்ன சொன்னாரு? ஊத்து பொதுன்னு சொன்னாரா இல்லியா? நான் பக்கத்துலதான நின்னேன்?"

"சொன்னாரு. வாயிலதான சொன்னாரு? இது அளந்து வந்ததுக்கா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்த மனிதர் இல்லை அது. என் படம் அவரை வேறு ஆளாக்கி வைத்திருந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"இந்தா, வரைஞ்ச அண்ணனே வந்துட்டாரு. நீங்க சொல்லுங்கண்ணே இவுகளுக்கு."

எல்லாரும் திரும்பினார்கள். மிஷின்காரர் இன்ஜினை அணைத்தார்.

அந்த நேரத்தில் என் மனசுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஊற்றைப் பற்றி முதலில் நினைக்கவில்லை. சர்வே பட்டியலில் அப்படித்தான் வந்தது என்று சொல்லிவிடலாமா என்றுதான் நினைத்தேன். பட்டியல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. குறிப்பை அழித்தது நான் மட்டுமே அறிந்தது. அந்தப் பெண் சின்ன வயசு, புதுசு. பழி அங்கே போய் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்த நாலு, அஞ்சு, ஆறு. அது என்னம்மா?"

"ஊத்து சார். அத வெளிய விட்டுட்டுத்தான் எல்லை போகுது. வித்தவரு கூட நின்னு காட்டுனாரு. பொது ஊத்து, மனையில சேராதுன்னு மூணுக்கும் நேரா எழுதியிருந்தேனே."

"இங்கிலீசுல எழுதியிருந்தீங்க."

"ஆமா. படிக்கலையா சார்?"

"எனக்குப் படிக்க வராதும்மா."

முப்பது வருடம் ஒளித்து வைத்தது. சொல்லி முடிக்க மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒரு போன் பண்ணியிருந்தாத் தமிழ்ல சொல்லியிருப்பேனே சார்" என்றார். அவ்வளவுதான்.

பாறையிலிருந்து இறங்கி வந்து சொன்னேன். அந்த மூலை மனையில் சேராது. அளந்தவர் சரியாக அளந்திருக்கிறார். அவர் கொடுத்த மூன்று புள்ளிகளை நான் அழித்துவிட்டு, ஒரு மூலையை நானாக உண்டாக்கினேன். படம் தப்பு. தப்பு என்னுடையது.

அடிக்க வருவார் என்று நினைத்தேன். செல்லப்பாண்டி போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நான் அன்னைக்குக் கேட்டேன்லண்ணே? இந்த மூலையும் நம்மளுதான்னு. ஒரு வார்த்த, தெரியல, கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தீகன்னா, நான் ஏன் இந்தச் சனங்ககிட்டக் கெட்டவனாகுறேன்?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

மிஷின் மேலே ஏறிப் போனது. செல்லப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். புரண்ட கற்களை எடுத்து, முத்துப்பேச்சி எது எங்கே இருந்தது என்று சொல்லச் சொல்ல அடுக்கினோம். நாலு நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று தகவல் வந்தது. மூன்று ஹோசில் பழையபடி வந்தது. நாலாவதில் வரவில்லை. ஒவ்வொரு வீட்டு ஹோசும் பாறையின் ஒவ்வொரு வெடிப்பில் செருகியிருந்தது. மிஷின் அள்ளிய பக்கம்தான் முத்துப்பேச்சியின் வெடிப்பு. அந்த ஊற்றுக்கண் அடைந்து, தண்ணீர் உள்ளேயே வேறு எங்கோ திரும்பிவிட்டது. தோண்டிப் பார்க்கலாம் என்றால், தோண்டினால் மற்ற மூன்றும் போய்விடுமோ என்ற பயம். விட்டுவிட்டார்கள்.

இன்ஜினியர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எட்டாம் வகுப்பு முதற்கொண்டு. வேலை போய்விடும் என்று டிபன் பாக்சையும் கண்ணாடியையும் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் அறைக்குள் போனேன். அவர் ஒரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அந்த லிஸ்ட்டத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிட்டு வாரும். நான் படிச்சுச் சொல்றேன், நீரு பக்கத்துல தமிழ்ல எழுதிக்கிரும்" என்றார். அன்றிலிருந்து நான் வேலையை விட்ட நாள்வரை ஒவ்வொரு பட்டியலுக்கும் அப்படித்தான் செய்தோம். அவர் ஊரில் இல்லாத நாளில் அளந்தவரையே கூப்பிட்டுக் கேட்டேன். யாரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. நான் நினைத்துப் பயந்த அந்தச் சிரிப்பு என் தலைக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது.

வரைபடத்தை மறுபடி போட்டோம். ஊற்றிலிருந்து ஐம்பதடிக்கும் மேல் தள்ளி, வடகிழக்கில் தொட்டி வைத்தோம். தண்ணீருக்கு அதுதான் பத்திரம். ஆனால் வடகிழக்கு ஈசான்ய மூலை, அங்கே கழிவுத் தொட்டி வாஸ்துவுக்கு ஆகாது. செல்லப்பாண்டியின் மனைவி சொன்ன சொல்லை மாற்றவில்லை. வீடு எழும்பி நிற்கிறது, பால் காய்ச்சவில்லை. செல்லப்பாண்டி வாரத்தில் நாலு நாள் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். மீதி நாள் ராசிங்காபுரம். வாசப்படி அவருடையதுதான். தாண்டி உள்ளே போகிறவர் ஒருவர்தான்.

உங்களுக்கு மென்பொருள் எல்லாம் தெரியும், ஆங்கிலமும் தெரியும். என் தப்பை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் தெரியாதது வேறு ஒன்றாக இருக்கும். அது உள்ளுக்குள் உறுத்தும். உறுத்துகிற இடத்தில்தான் கோடு ரொம்ப அழகாகச் சேரும். அழகாகச் சேர்ந்தால் போனை எடுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்காதீர்கள்.

மழைக்காலம் முடிந்து, திருத்திய வரைபடத்தைக் கொடுக்க ஒரு தடவை மேலே போனேன். முத்துப்பேச்சி பக்கத்து வீட்டு ஹோசில் குடத்தை வைத்து நிரம்பக் காத்திருந்தார். போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வெட்டுப்பட்ட அந்த மூலையில் விரலை வைத்து, "இது ஊத்துதான?" என்றார்.

"ஆமா ஆத்தா. அழிச்ச மூணு புள்ளியையும் பழையபடி வச்சிட்டேன்."

"பழையபடி வைக்க முடியுதா ஒங்க கம்ப்யூட்டர்ல?"

"முடியும்."

"நல்ல மிஷினுதான்" என்றார். நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்துச் சரிவில் இறங்கினார்.